சங்கு ஊதும்போது ஒரு மாத்திரை

சுகாதார நிலையத்தின் தடித்த பதிவேட்டில் அவளுக்கு ஒரு வரி உண்டு. “வயது: 31. தொழில்: இல்லத்தரசி. கல்வி: குறைவு. உயிருடன் உள்ள குழந்தைகள்: 2. கருத்தடை முறை: மாத்திரை. பயன்பாடு: ஒழுங்கற்றது. கருத்தரித்த காரணம்: பயனாளியின் கவனக்குறைவு.”

ஏழு விவரங்களில் மூன்று உண்மை. பதிவேடுகளின் வழக்கத்தைப் பார்த்தால் இது மோசமான விகிதம் இல்லை.

அந்த இல்லத்தரசி ஆண்ட இல்லம் ஒன்றரை அறை. அரை அறையில் அடுப்பும் குளியலும் இருந்தன. நடுவே ஒரு பிளாஸ்டிக் திரை தொங்கியது. அரசி வாரத்தில் ஆறு நாள் அதைப் பூட்டிவிட்டு, பாட்டில் தொழிற்சாலையில் எட்டு மணி நேரம் கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவள். பதிவேட்டை எழுதிய நர்ஸ் கல்வி பற்றிக் கேட்கவே இல்லை. சேலையைப் பார்த்தே எழுதிவிட்டார்.

தொழிற்சாலையில் அவள் பெயர் பூதக்கண்ணாடி. சூட்டுப்பெட்டியில் ஆறி வரும் பாட்டில்கள் பெல்ட்டில் வரிசையாக வரும். அவற்றுக்குப் பின்னால் வெள்ளையாக ஒளிரும் ஒரு திரை. திரைக்கு முன்னால் ஒரு ஸ்டூல், ஸ்டூலின்மேல் அவள். குமிழி, கல், வாய் உடைசல், மயிர்க்கீறல் எது இருந்தாலும் பாட்டிலைக் கழுத்தைப் பிடித்துத் தூக்கிப் பக்கத்துக் குழியில் போட வேண்டும். அங்கே அது சுக்குநூறாகி மறுபடி உலைக்குப் போகும். நிமிஷத்துக்கு அறுபது பாட்டில். அரை மணி நேரத்துக்குமேல் யாராலும் பார்க்க முடியாது, கண் பொய் சொல்ல ஆரம்பிக்கும். அதனால் அரை மணி திரை, அரை மணி அட்டைப்பெட்டி ஒட்டும் வேலை. எழுந்திருக்கும்போது ஒரு சீட்டில் பார்த்தது எத்தனை, தேறியது எத்தனை என்று ஒன்றன் பக்கத்தில் ஒன்றாக எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும்.

ஒன்பது வருஷத்தில் அவள் சீட்டு பொய்யாகிப் போனது கிடையாது. மற்றவர்கள் பாட்டிலைப் பார்ப்பார்கள்; அவள் பாட்டிலை விசாரிப்பாள். இந்தக் குணம் வீட்டிலும் தொடர்ந்தது. வாங்கி வந்த தக்காளியில் ஒன்றைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பாள். “தக்காளிக்கு வாய் உடைசல் ஏதாவது இருக்கா?” என்பார் கணவர். அவர் லிஃப்ட் மெக்கானிக். பதினாலாவது மாடியில் கம்பியில் தொங்கிக்கொண்டு கிரீஸ் தடவுகிறவர், ஆனால் ஊசி என்றால் மயக்கம்.

அவருடைய பயம் இந்தக் கதைக்கு முக்கியம். இரண்டாவது பிரசவத்தில் அவளுக்கு ரத்த அழுத்தம் தலைக்கேறி வலிப்பு வந்தது. மூன்று நாள் நினைவில்லை. நான்காவது நாள் கண் திறந்தபோது பெரிய டாக்டர் கட்டிலருகே நின்று, அவளிடம் இல்லை, அவரிடம் சொன்னார்: “இன்னொரு பிரசவம் இவங்க தாங்கமாட்டாங்க. இது பயமுறுத்தறதுக்குச் சொல்றது இல்லப்பா.” கருக்குழாயை அப்போதே கட்டிவிடலாமா என்று அவள் கேட்டாள். அழுத்தம் அதிகம், ஆறு வாரம் கழித்து வா என்றார்கள். ஆறு வாரம் கழித்து விடுப்பு முடிந்துவிட்டது. சரி, ஆண்களுக்கான சின்ன ஆபரேஷனை நான் செய்துகொள்கிறேன் என்று கணவர் வீரமாகக் கிளம்பினார். ஆஸ்பத்திரி கேட் வரைக்கும் போனார். கேட்டுக்கு எதிரே ஒரு பழக்கடை. ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு திரும்பி வந்தார்.

ஆகவே மாத்திரை.

சுகாதார நிலையத்து நர்ஸ் நல்ல மனுஷி. ஒரு நாளைக்கு நூறு பெண்களைப் பார்க்கிறவருக்கு எவ்வளவு நல்லவராக இருக்க முடியுமோ அவ்வளவு நல்லவர். ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கும் பால் கொடுக்கிறவர்களுக்கும் கொடுக்கிற சின்ன மாத்திரை, பச்சைப் பட்டையில் இருபத்தெட்டு, இடைவெளியே கிடையாது. பட்டையைக் கையில் கொடுத்துச் சொன்னார்:

“தினமும் ஒரே நேரத்துக்குப் போடணும்மா. பல் தேய்க்கிறது, தலை சீவறது, அந்த மாதிரி ஏதாவது ஒண்ணோட சேர்த்து வச்சுக்கோ. மறக்காது.”

“இதுக்கு ஒரு தாள் இருக்குமே சிஸ்டர்? படிக்கிறதுக்கு?”

கேட்டவர்கள் அதிகம் இல்லை போலிருக்கிறது. நர்ஸ் மேசை டிராயரைத் துழாவி, பதினாறாக மடித்த ஒரு தாளை எடுத்துக் கொடுத்தார். அவள் அங்கேயே பிரித்தாள்.

“பேர் வேறயா இருக்கே சிஸ்டர்?”

“கம்பெனி வேறம்மா. மருந்து ஒண்ணுதான்.”

பல் தேய்ப்பதை அவள் நம்பவில்லை. பிள்ளைகள் உள்ள வீட்டில் அது எந்த நேரத்திலும் நடக்கும். நம்பகமானது ஒன்றே ஒன்று, தொழிற்சாலைச் சங்கு. ஷிஃப்ட் தொடங்கக் கால் மணி முன்னால், ஐந்தே முக்காலுக்கு ஊதும். பெண்கள் உடை மாற்றும் அறையின் குழாயடியில் நின்று, சங்கு ஊத ஆரம்பித்ததும் மாத்திரையை வாயில் போட்டு, அது ஊதி முடிப்பதற்குள் தண்ணீர் குடித்துவிடுவாள். விடுமுறை நாளில் வீட்டிலிருந்தே சங்கு கேட்கும். கேட்டதும் அதே வேலை. காலிப் பட்டைகளைத் தூக்கிப் போடவில்லை. ரப்பர் பேண்டு போட்டு ஒரு பிஸ்கட் டப்பாவில் அடுக்கினாள். ஏன் என்று கேட்ட கணவரிடம், “கணக்கு வேணாமா?” என்றாள். அவருக்குப் புரியவில்லை. புரிந்திருந்தால் அவர் லிஃப்ட் மெக்கானிக்காக இன்னும் பிரகாசித்திருப்பார்.

இந்த ஏற்பாட்டைப் பார்த்து மற்ற பெண்களும் பிடித்துக்கொண்டார்கள். சங்கு ஊதினால் குழாயடியில் ஏழெட்டுப் பேர் நிற்பார்கள். “பூதக்கண்ணாடி கட்சிக் கூட்டம்” என்பாள் எட்டுவிரல். மோல்டிங் மெஷினுக்கு இரண்டு விரலைக் கொடுத்துவிட்டு, அதற்குப் பதிலாக அட்டைப்பெட்டிப் பிரிவைப் பெற்றவள். வயது ஐம்பது, மாத்திரைக்கு அவசியமில்லாதவள், கூட்டத்தில் எல்லோரையும்விட அதிகம் பேசுகிறவள். “எல்லாருக்கும் கடைசியில்தான்டி சங்கு ஊதுவாங்க. உங்களுக்கு மட்டும் தினமும் ஊதறாங்க.”

மூன்று வருஷத்துக்குமேல் இப்படிப் போயிற்று. பிறகு நிர்வாகம் ஒரு அறிவிப்பு ஒட்டியது. பெண்களும் இனி மூன்று ஷிஃப்டும் பார்க்கலாம், இது சமத்துவம். ஒரு வாரம் காலை, ஒரு வாரம் மத்தியானம், ஒரு வாரம் இரவு. சம்பளத்தில் சமத்துவம் பற்றி அறிவிப்பில் இடம் போதவில்லை.

அவளுக்கான சங்கும் வாரத்துக்கு வாரம் மாறியது. ஐந்தே முக்கால், ஒன்றே முக்கால், ஒன்பதே முக்கால். இங்கேதான் கவனக்குறைவான ஒருத்தி யோசிக்காமல் இருந்திருப்பாள். இவள் யோசித்தாள். காலை வாரத்திலிருந்து மத்தியான வாரத்துக்கு மாறும் திங்கட்கிழமை, இரண்டு மாத்திரைக்கு நடுவே முப்பத்திரண்டு மணி நேரம் விழுகிறது. அதாவது எட்டு மணி நேரத் தாமதம். பிஸ்கட் டப்பாவிலிருந்து தாளை எடுத்தாள். எறும்பு ஊர்ந்த மாதிரி எழுத்து. அவளுக்கு எழுத்து ஒரு பொருட்டில்லை. ‘மாத்திரை எடுக்கத் தாமதமாகி, தாமதம் பன்னிரண்டு மணி நேரத்துக்குள் இருந்தால், பாதுகாப்புக் குறையாது.’ எட்டு, பன்னிரண்டைவிடச் சின்னது. சந்தேகமறத் தேறியது. குழாயடிக் கூட்டத்திலும் அதைப் படித்துக் காட்டினாள். எல்லோரும் சங்கோடு சேர்ந்து மாறினார்கள்.

இரண்டு மாதம் கழித்து அவளுக்குக் குமட்ட ஆரம்பித்தது.

முதலில் அட்டைப்பெட்டிப் பசை. ஒன்பது வருஷம் மணக்காத பசை திடீரென்று செத்த எலி மாதிரி நாறியது. மார்பு கனத்து வலித்தது. ஸ்டூலில் முன்னால் சாய்ந்தால் கண்ணில் நீர் வந்தது. மத்தியானச் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து மூடினாள். மாதவிலக்கு வரவில்லை, ஆனால் இந்த மாத்திரையில் அது எப்போதுமே இஷ்டத்துக்குத்தான் வரும்; ஒரு தடவை ஐந்து மாதம் வராமல் இருந்து, மன்னிப்புக் கேட்பது போல இரண்டு நாள் வந்து போயிருந்தது. பாத்ரூமுக்கு அடிக்கடி போக வேண்டியிருந்தது. திரையிலிருந்து எழுந்திருக்க சூப்பர்வைசரிடம் சீட்டு வாங்க வேண்டும்.

“என்ன, இன்னைக்கு மூணாவது தடவையா?” என்றார் சூப்பர்வைசர். “குழாயை மூட மறந்துட்டு வந்தியா?”

அவள் தாளை எடுத்தாள். ‘பக்க விளைவுகள்: குமட்டல், மார்பு வலி, தலைவலி, சோர்வு, மாதவிலக்குத் தவறுதல். இவை இயல்பானவை, அஞ்ச வேண்டியதில்லை.’ ஒவ்வொன்றாக விரல் வைத்துப் பார்த்தாள். ஐந்தும் இருந்தன. மருந்து நன்றாக வேலை செய்கிறது என்று அர்த்தம்.

மாத்திரை தயாரித்தவர்களை இதில் குறை சொல்ல முடியாது. கர்ப்பத்தைத் தடுக்கிற மருந்துக்கும் கர்ப்பத்துக்கும் ஒரே அறிகுறிகள் என்பது உடம்பின் ஏற்பாடு. திருடனுக்கும் போலீசுக்கும் ஒரே சட்டையைத் தைத்துக் கொடுத்துவிட்டு, அடையாளம் கண்டுபிடி என்று சொல்கிற ஏற்பாடு.

எட்டுவிரல்தான் முதலில் சொன்னாள். பெட்டி ஒட்டிக்கொண்டிருந்தபோது, தலையை நிமிர்த்தாமலே.

“எத்தனை நாளாடி இது?”

“எது?”

“என்கிட்டயே எதுன்னு கேளு. பசையைப் பார்த்தா மூஞ்சி சுளிக்கிற. எலுமிச்சம்பழத்தை முந்தானையில முடிஞ்சு மோந்துக்கிட்டு இருக்க. நான் மூணு பெத்தவ.”

“மாத்திரை அக்கா. தாள்ல போட்டிருக்கு.”

“தாள்ல என் பேரு போட்டிருக்கா?”

“இல்ல.”

“அப்ப தாளுக்கு எல்லாம் தெரியாதுன்னு வச்சுக்கோ. போய்க் காட்டு.”

“ஒரு நாளும் விடலக்கா. விடாதப்ப எப்படி வரும்?”

எட்டுவிரல் அடுத்த பெட்டியை எடுத்தாள். மிச்சமிருந்த எட்டு விரலால் பெட்டியின் விளிம்பை அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தாள். மெஷினில் பாதுகாப்புக் கதவு இருந்தும் தன் விரல் போனதைப் பற்றி அவள் யோசித்திருக்கலாம்.

அந்த வாரமே திரையில் அது நடந்தது. வரிசையாக வந்த பாட்டில்கள் நின்றுவிட்டன. அவள் ஸ்டூலோடு பின்னால் போய்க்கொண்டிருந்தாள். தலைசுற்றல் என்று புரிவதற்குள் எத்தனை பாட்டில் போயிற்றோ. நின்று சமாளித்தாள், சீட்டும் எழுதினாள். நான்கு நாளில் இருமல் மருந்துக் கம்பெனியிலிருந்து ஒரு லாரி திரும்பி வந்தது. நாற்பது பாட்டிலில் மயிர்க்கீறல். சீட்டைப் பார்த்தார்கள், அவள் கையெழுத்து. மெமோவில் ‘கவனக்குறைவு’ என்று இருந்தது.

“ஒன்பது வருஷத்துல மொத தடவை சார்,” என்றாள்.

“அதனாலதான் மெமோ,” என்றார் சூப்பர்வைசர். “வழக்கமா செய்யறவனா இருந்தா திட்டிட்டு விட்டிருப்பேன்.”

அதில் ஒரு நியாயம் இருக்கத்தான் செய்தது.

மறுநாள் காலையில் ஐந்தே முக்காலுக்குச் சங்கு ஊதியபோது மாத்திரையைப் போட்டுக்கொண்டு, ஷிஃப்ட் முடிந்ததும் பிஸ்கட் டப்பாவோடு சுகாதார நிலையத்துக்குப் போனாள். அதே நர்ஸ்.

“எத்தனை மாத்திரை விட்டே?”

“ஒண்ணும் விடல சிஸ்டர்.”

“எல்லாரும் இதையேதான்மா சொல்றாங்க. அப்புறம் இடுப்புல ஒண்ணு, கையில ஒண்ணு.”

டப்பாவைத் திறந்து மேசைமேல் வைத்தாள். நாற்பத்தாறு காலிப் பட்டை. நாற்பத்தேழாவதில் இருபது போயிருந்தது. நர்ஸ் அதைப் பார்த்தார். மேசையில் இடத்தை அடைக்கிறது என்பதற்குமேல் எதுவும் பார்க்கவில்லை. “இதை எடும்மா முதல்ல,” என்று ஒரு சின்னப் புட்டியைக் கையில் கொடுத்துப் பாத்ரூமைக் காட்டினார்.

சோதனை அட்டையில் இரண்டு கோடு விழுந்தது. கோடுகளைக் கண்டுபிடிப்பதில் அவளுக்கு உதவி தேவைப்படவில்லை. பதின்மூன்று வாரம் என்று ஸ்கேனில் சொன்னார்கள். ரத்த அழுத்தக் கருவியின் பட்டையை நர்ஸ் இரண்டு தடவை கட்டிப் பார்த்துவிட்டு, டாக்டரைக் கூப்பிடப் போனார். அவள் எட்டிக் குறிப்பைப் படித்தாள்: 160/110. கடைசியாக இந்த எண்ணுக்குப் பக்கத்தில் அவள் இருந்தபோதுதான் மூன்று நாள் காணாமல் போயிருந்தாள்.

டாக்டர் சின்ன வயதுப் பெண். வேலைக்குப் புதிது, அதனால் உட்கார்ந்து கேட்டார்.

“மாத்திரை தினமும் எத்தனை மணிக்கு?”

“சங்கு ஊதும்போது டாக்டர்.”

“எத்தனை மணிக்கு ஊதும்?”

“இந்த வாரம் அஞ்சே முக்கால். அடுத்த வாரம் ஒண்ணே முக்கால். அதுக்கு அடுத்து ராத்திரி ஒன்பதே முக்கால்.”

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். “ஷிஃப்ட் மாறினா மாத்திரையும் மாறுமா? நடுவுல எத்தனை மணி நேரம் விழுது தெரியுமா?”

“முப்பத்திரண்டு. எட்டு மணி நேரம் தள்ளுது. பன்னிரண்டுக்குள்ளதானே டாக்டர்?”

“யார் சொன்னது பன்னிரண்டு?”

அவள் டப்பாவிலிருந்து தாளை எடுத்துக் கொடுத்தாள். மூன்றரை வருஷத்தில் மடிப்புகள் கிழிந்து, டேப் ஒட்டி, துணி மாதிரி ஆகியிருந்தது. டாக்டர் மேலே ஒரு வரி படித்தார். பச்சைப் பட்டையைத் திருப்பிப் பார்த்தார். மறுபடி தாள்.

“இது வேற மாத்திரையோட தாள்மா. அதுல ரெண்டு மருந்து இருக்கும், பன்னிரண்டு மணி நேரம் தாங்கும். உங்களுக்குக் கொடுத்தது ஒத்தை மருந்து. மூணு மணி நேரத்துக்குமேல தள்ளக்கூடாது. இந்தத் தாள் எப்படி உங்ககிட்ட வந்துச்சு?”

அவள் நர்ஸைப் பார்த்தாள். நர்ஸ் சுவரிலிருந்த தடுப்பூசி அட்டவணையைப் பார்த்தார். அதில் புதிதாக எதுவும் இல்லை.

“பேர் வேறயா இருக்கேன்னு நான் கேட்டேன் டாக்டர்,” என்றாள் அவள்.

சொல்ல வேண்டிய மற்றதையெல்லாம் டாக்டர்தான் சொன்னார். அழுத்தத்தை மருந்தால் இரண்டு நாளில் இறக்க வேண்டும். இதைத் தொடர்ந்தால் போன தடவை நடந்தது இந்தத் தடவை சீக்கிரமே நடக்கும். இரண்டு பிள்ளைகள் தாயில்லாமல் போகலாம். முடிவு அவளுடையது. ஆனால் நாள் அதிகம் இல்லை. பஸ்ஸில் திரும்பி வரும்போது, மூன்று மாதத்தில் முதல் தடவையாக, கையை வயிற்றின்மேல் வைத்தாள். இரண்டு நிறுத்தம் வரைக்கும் வைத்திருந்தாள். பிறகு பக்கத்துச் சீட்டில் ஆள் உட்கார்ந்ததால் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டாள்.

சாயந்திரம் கணவர் வந்தார். செய்தியைக் கேட்டார். ஸ்பேனரைத் துணியால் துடைத்துக்கொண்டே இருந்தார். அது முன்பே சுத்தமாகத்தான் இருந்தது. முதலில் பயந்தார். அது உண்மையான பயம், அதைச் சொல்லியாக வேண்டும். பிறகு மூத்த அக்காவுக்கு போன் செய்யப் படியிறங்கிப் போனார். ஏறி வந்தபோது பயத்தோடு இன்னொன்றும் கூட வந்திருந்தது.

“மாத்திரை போட்டுக்கிட்டுத்தானே இருந்தே?”

“ஆமா.”

“ஒரு நாளும் விடல.”

“விடல.”

“அப்ப எப்படி?”

தாளைப் பற்றிச் சொன்னாள். முப்பத்திரண்டு மணி நேரத்தைச் சொன்னாள். அவர் கேட்டுக்கொண்டிருந்த முகத்தைப் பார்த்தாலே, சுவரிடம் சொல்லியிருக்கலாம் என்று தோன்றியது.

“எங்கக்கா கேக்கறா,” என்றார், ஸ்பேனரிடம். “நைட் ஷிஃப்ட் எப்ப ஆரம்பிச்சாங்கன்னு.”

அவள் பிளாஸ்டிக் திரையைத் திரும்பிப் பார்த்தாள். திரைக்கு அந்தப் பக்கம் எட்டு வயது மகள் தம்பிக்குத் தலை துவட்டிக்கொண்டிருந்தாள்.

“அக்கா கேக்கறாங்களா, நீங்க கேக்கறீங்களா?”

“நான் கேப்பனா? நான் உன்னைச் சந்தேகப்படுவனா? ஊர் வாயை மூட முடியுமா, சொல்லு. நீ ஒண்ணே ஒண்ணு சொல்லிடேன். ரெண்டு மூணு நாள் மறந்துட்டேன்னு. முடிஞ்சுபோச்சு. மறக்கறது மனுஷ சுபாவம், யாரும் ஒண்ணும் சொல்லமாட்டாங்க.”

“மறக்கலையே.”

“மறந்ததா சொல்லுன்னுதானே சொல்றேன்!”

“நீங்க ஆபரேஷனுக்குப் போய் வாழைப்பழம் வாங்கிட்டு வந்தீங்களே, அதை உங்கக்காகிட்ட சொல்லவா? அதுவும் மனுஷ சுபாவம்தானே?”

ஸ்பேனர் கீழே விழுந்தது. குதிரை கீழே தள்ளியதும் இல்லாமல் குழியும் பறித்ததாம் என்பார்கள். அவள் நிலைமை அதுதான்: கவனம் கெட்டவள் என்று ஒப்புக்கொண்டால் நல்லவள், கவனமாக இருந்தேன் என்று சாதித்தால் கெட்டவள். இரண்டில் ஒன்றை எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். இரண்டிலும் மயிர்க்கீறல் இருந்தது. அவள் இரண்டையும் எடுக்காமல் பிள்ளைகளுக்குச் சாப்பாடு போடப் போனாள்.

வெள்ளிக்கிழமை கணவரும் கூட வந்தார். அழுத்தம் இறங்கியிருந்தது. கருவைக் கலைத்துவிட்டு அன்றைக்கே குழாயையும் கட்டிவிடலாம் என்றிருந்தார்கள். இந்தத் தடவை ஆறு வாரம் கழித்து வா என்று யாரும் சொல்லவில்லை. சின்ன டாக்டர் ஆபரேஷன் அறைக்குள் இருந்தார். வெளியே மேசையில் நர்ஸ் படிவத்தை நீட்டினார்.

“இங்க டிக் அடிச்சு, கீழே கையெழுத்து.”

எதையும் படிக்காமல் கையெழுத்துப் போடுகிற பழக்கம் அவளுக்கு இல்லை. காரணம் என்ற தலைப்பில் மூன்று கட்டம். முறை எதுவும் பயன்படுத்தவில்லை. ஒழுங்கற்ற பயன்பாடு, பயனாளியின் கவனக்குறைவு. முறையின் தோல்வி.

“மூணாவது கட்டம் சிஸ்டர்.”

“அது வேணாம்மா.”

“ஏன்?”

நர்ஸ் குரலைத் தணித்தார். “மூணாவதுன்னா மருந்து மேல புகார். குழு விசாரிச்சு ஒப்புதல் கொடுத்தாத்தான் மேற்கொண்டு எதுவும் செய்வாங்க. குழு ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை கூடும். முந்தாநாள் புதன்கிழமைதான் கூடிச்சு. இன்னும் பன்னிரண்டு நாள் இருக்கு.” பிறகு, முதல் தடவையாக அவள் முகத்தைப் பார்த்தே சொன்னார்: “உன் பிரஷருக்குப் பன்னிரண்டு நாள் தாங்காதும்மா. நான் தப்பா ஒண்ணும் சொல்லல. ரெண்டாவதுல அடி. இதை யார் படிக்கப்போறாங்க?”

“நான் படிக்கிறேனே.”

“சரி, படிச்சுட்டு அடி.”

கணவர் பக்கத்தில் நின்று கூரையில் சுற்றும் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். தாளைக் கொடுத்த கை, படிவத்தைக் கொடுக்கிற கை, இரண்டும் ஒன்றுதான். அதைச் சத்தம் போட்டுச் சொல்லியிருக்கலாம். வராந்தாவில் முப்பது பேர் இருந்தார்கள், நல்ல கூட்டம். ஆனால் சத்தம் போட்டால் அழுத்தம் ஏறும். ஏறினால் இன்றைக்குச் செய்யமாட்டார்கள். வீட்டில் மகள் தம்பியைப் பள்ளிக்குக் கிளப்பிக்கொண்டிருப்பாள். அவனுக்கு இன்னும் பொத்தான் போடத் தெரியாது.

இரண்டாவது கட்டத்தில் டிக் அடித்தாள். கையெழுத்துப் போட்டாள். பழக்க தோஷமோ என்னவோ, கையெழுத்துக்குக் கீழே சீட்டில் எழுதுவது போல எழுதினாள்: 1308 / 1308.

“இது என்ன நம்பர்?” என்றார் நர்ஸ்.

“கணக்கு.”

டோக்கன் எண் என்று நினைத்து நர்ஸ் விட்டுவிட்டார். பார்த்ததும் தேறியதும் ஒரே எண்ணாக ஒரு சீட்டு பாட்டில் தொழிற்சாலையில் யாரும் எழுதியதில்லை. எழுதினால் சூப்பர்வைசர் நம்பமாட்டார்.

ரத்தம் நிறையப் போயிற்று. ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் இருந்தால் போதும் என்றது ஐந்து நாளாயிற்று. பிழைத்தாள். நாத்தனார் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலோடு பார்க்க வந்தார், கட்டிலோரம் உட்கார்ந்து ஆறுதலாகச் சொன்னார்: “மறந்துட்டியாமே. தம்பி சொன்னான். போகட்டும் விடு, யாருக்குத்தான் மறதி இல்ல?” மகளும் பள்ளியில் தோழியிடம் அப்படியே சொல்லியிருந்தாள்: அம்மா மருந்து சாப்பிட மறந்துட்டாங்க, அதனால் ஆஸ்பத்திரி. தொழிற்சாலையில் மெமோ இருந்தது, ஆஸ்பத்திரியில் படிவம் இருந்தது, வீட்டில் நாத்தனார் இருந்தார். மூன்று அலுவலகங்கள் ஒரு விஷயத்தில் இப்படி ஒத்துப்போவது அபூர்வம்.

மூன்றாவது வாரம் வேலைக்குத் திரும்பினாள். மத்தியான ஷிஃப்ட். ஒன்றே முக்காலுக்குச் சங்கு ஊதியபோது குழாயடியில் ஏழு பேர் தண்ணீர் பாட்டிலோடு நின்றார்கள். வழிவிட்டார்கள். அவள் தண்ணீர் பிடிக்கவில்லை, குழாயை மூடினாள்.

“கொஞ்சம் இருங்க. யார் யாரு பச்சைப் பட்டை?”

“என்னடி பூதம், வந்ததும் இன்ஸ்பெக்‌ஷனா?” என்றாள் எட்டுவிரல் பெஞ்சிலிருந்து.

“பச்சைப் பட்டைன்னா சங்கைப் பார்த்துப் போடாதீங்க. கடிகாரம் பார்த்துப் போடுங்க. மூணு மணி நேரத்துக்குமேல தள்ளக்கூடாது. நான் படிச்சுக் காட்டினது வேற மாத்திரையோட தாள். நான் சொன்னது தப்பு.”

ஐந்து பேர் தங்கள் வெள்ளைப் பட்டையைத் தூக்கிக் காட்டினார்கள். அவர்களுக்குப் பன்னிரண்டு மணி நேரம் சரிதான். ஒருத்தி பச்சை, ஆனால் அவள் கணவன் வெளிநாடு போய் ஒரு வருஷமாகிறது, சும்மா பழக்கத்துக்குப் போடுகிறேன் என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். ஏழாவது, இரண்டாம் பெல்ட்டில் புதிதாகச் சேர்ந்தவள், கைக்குழந்தைக்காரி. அவள் சிரிக்கவில்லை. பச்சைப் பட்டையைக் கையில் வைத்துக்கொண்டு, விரல் விட்டு எதையோ எண்ணினாள். பாதியில் நிறுத்திவிட்டு, மறுபடி முதலிலிருந்து எண்ணினாள். பிறகு எட்டுவிரலின் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். எட்டுவிரல் கொஞ்சம் நகர்ந்து இடம்விட்டாள்.

“நாளைக்குக் காலையில நான் உன்கூட வரேன்,” என்றாள் பூதக்கண்ணாடி. “டப்பாவையும் எடுத்துட்டு வரேன்.”

சங்கு நின்றது. அவள் திரைக்கு முன்னால் போய் உட்கார்ந்தாள்.

பதிவேட்டில் அந்த வரி இன்னும் அப்படியே இருக்கிறது. ஆயிரத்து முந்நூற்று எட்டு நாளில் அவள் ஆயிரத்து முந்நூற்று எட்டு மாத்திரை போட்டுக்கொண்டாள்.